மக்கள் கருத்து எடுப்பவன்

ஒரு செய்தி சானலுக்காகப் பல வருடங்களாக நான் மக்கள் கருத்து எடுத்துக்கொண்டிருக்கிறேன். அம்பத்தூர் எஸ்டேட்டில் தொடங்கி ஆவடி, பூந்தமல்லி வரைக்கும் என் எல்லை. ஒரு பழைய பைக், முதுகில் பை, பைக்குள் கேமரா, மைக், மைக்கின் தலையில் மாட்டுவதற்குச் சானல் பெயர் போட்ட டப்பா. அந்த டப்பாவை நாங்கள் லோகோ என்போம். எதிரில் நிற்பவர்கள் என் முகத்தைப் பார்த்துப் பேசுவதே இல்லை, அந்த டப்பாவைப் பார்த்துத்தான் பேசுகிறார்கள். மாதச் சம்பளம் கிடையாது. செய்தி ஓடினால் காசு வரும், ஓடாவிட்டால் பெட்ரோல் என் தலையில்.

மக்கள் என்ன நினைக்கிறார்கள் என்று போய்க் கேட்பதுதான் இந்த வேலை என்று நீங்கள் நினைத்தால், நீங்கள் நல்ல மனிதர், உங்களோடு எனக்குச் சண்டை இல்லை. உண்மையில் காலையில் டெஸ்க்கிலிருந்து போன் வரும். அலுவலகத்தில் உட்கார்ந்து செய்தியைக் கோக்கிற இடத்துக்கு டெஸ்க் என்று பெயர். அங்கிருந்து கேள்வி வராது, பதில்தான் வரும். விலைவாசி குறைந்திருக்கிறது என்று சொல்ல நாலு பேர் வேண்டும், அதில் ஒரு பெண், ஒரு பெரியவர், ஒரு ஆட்டோக்காரர், ஒரு காலேஜ் பையன் இருக்க வேண்டும் என்பார்கள். இரண்டு மாதத்தில் முதலாளிக்கும் மேலிடத்துக்கும் ஏதாவது உரசல் வந்திருக்கும். இப்போது விலைவாசி ஏறிவிட்டது என்று சொல்ல அதே நாலு பேர் வேண்டும். முகப்பேரில் எனக்குத் தெரிந்த ஆட்டோக்காரர் ஒருவர் இரண்டுக்கும் பேசிக் கொடுத்திருக்கிறார். இரண்டாவது தடவை சட்டையை மட்டும் மாற்றிக்கொண்டு வரச் சொன்னேன். அவரும் ஏன் என்று கேட்கவில்லை.

சானலின் முதலாளி யார் என்று எனக்கு இன்றுவரை சரியாகத் தெரியாது. பெயர் ஒருவருடையது, பணம் வேறு யாருடையதோ, சொல் இன்னும் வேறு ஒருவருடையது. ஆனால் யாரைப் பற்றிச் செய்தி அனுப்பக் கூடாது என்பது எனக்கு மனப்பாடம். மே மாதம் வந்தால் போதும், தலைப்புச் செய்திக்கு முன்னால் கல்லூரி விளம்பரம், பின்னால் கல்லூரி விளம்பரம், வானிலை சொல்லும் பெண்ணின் தலைக்கு மேலேயும் கல்லூரி விளம்பரம். பத்திரிகைகளிலும் முதல் பக்கம் முழுக்க அட்மிஷன்தான். நாட்டில் என்ன நடந்தது என்று தெரிந்துகொள்ள மூன்றாவது பக்கத்துக்குப் போக வேண்டும். எங்கள் பக்கத்தில் கல்லூரிகளுக்குப் பஞ்சமில்லை. நான் சொல்லப்போகிற கல்லூரி எது என்று தேடிக்கொண்டு யாரும் புறப்பட வேண்டாம். அதன் அறக்கட்டளைத் தலைவருக்கு இரு கட்சியிலும் சம்பந்திமுறை உண்டு என்பது மட்டும் தெரிந்தால் போதும்.

நான் குடியிருப்பது நூம்பலில், ஒரு அடுக்குமாடியின் இரண்டாவது தளத்தில், வாடகைக்கு. கட்டியவர்கள் ஏரி தெரியும் வீடு என்று சொல்லித்தான் சொந்தக்காரர்களுக்கு விற்றார்கள். ஒரு டிசம்பர் மழையில் ஏரி தெரிவதோடு நிற்காமல் உள்ளேயே வந்துவிட்டது. கீழே கார் நிறுத்துமிடத்தில் இடுப்பளவு தண்ணீர். லிப்ட் நின்றது, கரண்ட் போனது, பால் பாக்கெட் வரவில்லை. தண்ணீர் வடிந்த பிறகு குடியிருப்போர் வாட்ஸ்அப் குழுவில் கோபம் வடியவில்லை. தினமும் ரோஜாப்பூ படம் போட்டு காலை வணக்கம் சொல்கிறவர்கள் எல்லாம் ஒரே நாளில் ஏரி நிபுணர்களாகிவிட்டார்கள். யாராவது ஒருவர்மேல் பழி போட்டாக வேண்டும் என்ற அவசரம் எல்லோருக்கும் இருந்தது, யார்மேல் என்றுதான் தெரியவில்லை.

யார்மேல் என்று அவர்களுக்குச் சொல்லிக் கொடுத்தவர்களில் நானும் ஒருவன்.

ஏரி நிரம்பினால் உபரித் தண்ணீர் வெளியேறுவதற்கு ஒரு கால்வாய் உண்டு. அதன் ஒரு கரையில் நாற்பது வீடுகள் கொண்ட ஒரு சந்து. அந்த ஜனங்கள் ஒரு காலத்தில் அந்த ஏரித் தண்ணீரில் விளைந்த நிலங்களில் கூலிக்கு நடவு நட்டவர்கள். நிலத்தை விற்றவர்கள் வேறு, வாங்கியவர்கள் வேறு. இவர்கள் கரையிலேயே தங்கிவிட்டார்கள். இப்போது ஆண்கள் எஸ்டேட்டுக்கும் பெயின்ட் வேலைக்கும் போகிறார்கள். பெண்கள் கல்லூரிகளிலும் எங்கள் மாதிரி அடுக்குமாடிகளிலும் துடைக்கிறார்கள். கால்வாயின் மறுகரையில் நான் சொன்ன கல்லூரி. அதன் சுற்றுச்சுவர் கரையோடு நிற்காமல் இறங்கி, ஏரிக்குள் நடந்து போய் ஒரு விளையாட்டு மைதானத்தை வளைத்துக்கொண்டு திரும்புகிறது. கால்வாயின் வாயை அது பாதி அடைத்துவிட்டது. கண் உள்ள யாருக்கும் தெரியும். ஆனால் எங்கள் அடுக்குமாடியின் பால்கனியிலிருந்து பார்த்தால் சுவரில் எழுதிய கல்விப் பொன்மொழிகள்தான் தெரியும்.

ஜனவரி பிறந்ததுமே டெஸ்க்கிலிருந்து போன் வந்தது. ஏரி ஆக்கிரமிப்பை அகற்ற வேண்டும் என்று நாலு பேர் வேண்டும், அதில் ஒருவராவது அந்த ஏரியாவில் இருக்கிற ஏழைப்பட்ட ஆளாக இருந்தால் நல்லது என்றார்கள். எந்த ஆக்கிரமிப்பு என்று கேட்டேன். பொதுவாகக் கேள், மற்றதை இங்கே பார்த்துக்கொள்கிறோம் என்று பதில் வந்தது. பொதுவாகக் கேள் என்ற சொல்லுக்கு இந்தத் தொழிலில் என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும். தெரிந்துதான் போனேன்.

மூன்று பேரை வேலப்பன்சாவடியில் பேருந்துக்கு நிற்கிற கூட்டத்தில் எடுத்தேன். நாலாவது ஆளாக அந்தச் சந்தில் ஒரு அம்மா கிடைத்தார். நாற்பத்தைந்து வயதிருக்கும். வெள்ளத்தில் நனைந்த பாயையும் துணியையும் கால்வாய்க் கரையில் காயப் போட்டுக்கொண்டிருந்தார். வீட்டுச் சுவரில் தண்ணீர் நின்ற கோடு ஜன்னல்வரை இருந்தது. அந்தக் கல்லூரியிலேயே மாடி துடைக்கிற வேலை பார்க்கிறவர். டிவிக்காரன் என்றதும் மற்ற பெண்கள் முந்தானையைச் சரிசெய்துகொண்டு உள்ளே போனார்கள். அவர் மட்டும் கையைத் துடைத்துக்கொண்டு வந்து நின்றார்.

ஏரியை ஆக்கிரமித்தவர்களை என்ன செய்ய வேண்டும் என்று கேட்டேன். அவர் சொன்னதை அப்படியே தருகிறேன், என்னிடம் இருக்கிறது.

"ஏரிய வளச்சவன் எவனா இருந்தாலும் ஒடனே இடிக்கணும் சார். பாவ புண்ணியம்லாம் பாக்கக் கூடாது. வருசா வருசம் தண்ணி பூந்து சாவறோம். புள்ள குட்டிய தூக்கிகினு மொட்டமாடிக்கு ஓடறோம். போலீஸ் வெச்சாவது இடிச்சித் தள்ளணும். இன்னா நா சொல்றது, அதோ தெரியிது பாரு காலேஜு சொவுரு, அத்தத்தான் சொல்றேன். ஏரிக்குள்ள பூந்து கட்டிக்கீறாங்க. அது அங்க நின்னா தண்ணி எங்க போவும்? எங்க ஊட்டுக்குள்ளதான் வரும். நா அங்கதான் வேல பாக்கறேன். போனா போவுது."

பேட்டி கொடுத்துப் பழகியவர்கள் எடுத்த எடுப்பிலேயே பெயரைச் சொல்வார்கள், வெட்ட முடியாது. இந்த ஜனங்களுக்கு அது வராது. பெரிய இடத்தைப் பற்றிப் பேசும்போது பொதுவாக ஆரம்பித்து, சுற்றி வந்து, எதிரில் இருப்பவர் கோபித்துக்கொள்ளவில்லை என்று உறுதியான பிறகு கடைசியில் பெயரைச் சொல்வார்கள். நிலத்துக்காரரிடம் கூலி கேட்கப் போனபோது பழகிய பேச்சு அது, இப்போது சூப்பர்வைசரிடம் லீவு கேட்பதும் அப்படித்தான். அன்று அவர் என்னிடமும் அப்படித்தான் பேசினார். தைரியமாகப் பேசியதாக நினைத்துக்கொண்டார். உண்மையிலேயே தைரியம்தான். ஆனால் தைரியம் முழுவதும் பின்பாதியில் இருந்தது.

கேமராவை இறக்கியபோதே எனக்குத் தெரிந்துவிட்டது, இதை எங்கே வெட்டுவார்கள் என்று. திருப்பி ஒருதடவை, பெயரை முதலில் சொல்லிப் பேசுங்கள் என்று கேட்டிருக்கலாம். ஒரு நிமிட வேலை. கேட்கவில்லை. எப்போது போடுவார்கள் என்று விசாரித்தார், சாயங்காலம் ஏழு மணிச் செய்தியில் என்றேன்.

சந்தில் பெரிய டிவி அவருடைய தங்கை வீட்டில் இருந்தது. ஏழு மணிக்குச் சந்தே அங்கே கூடியிருந்ததாம். வேலை முடிந்து வந்தவர்கள் குளிக்காமல் உட்கார்ந்திருந்தார்களாம். செய்தி வந்தது. திரையில் முதலில் அவர்களுடைய வீடுகளே வந்தன, ஒவ்வொன்றையும் சுற்றிச் சிவப்பு வட்டம். பிறகு அந்த அம்மாவின் முகம். "போலீஸ் வெச்சாவது இடிச்சித் தள்ளணும்" என்பதோடு பேச்சு முடிந்தது. கீழே கொட்டை எழுத்தில் 'ஆக்கிரமிப்பு வீடுகளை அகற்றப் பொதுமக்கள் ஆவேசம்' என்று ஓடியது. பேருந்துக்கு நின்றவர்கள் மூன்று பேரும் அடுத்து ஆமாம் போட்டார்கள்.

அன்றிரவு விவாத நிகழ்ச்சி வேறு. நாலு கட்டத்தில் நாலு தலைகள். இரண்டு கட்சிக்காரர்கள், அந்த வீடுகளை யார் ஆட்சியில் விட்டுவைத்தார்கள் என்று ஒருவர்மேல் ஒருவர் பாய்ந்தார்கள். இரண்டு பேரும் கல்லூரியின் ஆண்டு விழா மேடையில் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்ததை நானேதான் படம் எடுத்திருக்கிறேன். மூன்றாவது கட்டத்தில் நீர்நிலை ஆர்வலர் என்று ஒருவர். கண்கள் கலங்க ஏரியின் அழகைப் பற்றிப் பேசினார். அவர் அதே கல்லூரியில் துறைத்தலைவர் என்பதைச் சொல்வதற்கு நிகழ்ச்சியில் நேரம் இல்லை. நாலாவது கட்டத்தில் இருந்தவர் பேசத் தொடங்கும்போதெல்லாம் விளம்பர இடைவேளை வந்தது. என்ன விளம்பரம் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

எங்கள் வாட்ஸ்அப் குழுவில் அந்த அம்மாவின் முகம் அரை மணியில் வந்துவிட்டது. சங்கச் செயலாளர் போட்டிருந்தார். ஐ.டி. கம்பெனியில் மேனேஜர், தென்மாவட்டத்திலிருந்து வந்து கடனில் வீடு வாங்கியவர், யாருக்கும் கெடுதல் நினைக்காதவர். 'பாருங்க, அவங்க ஆளுங்களே சொல்றாங்க' என்று எழுதியிருந்தார். கீழே வரிசையாகக் கைகூப்பும் பொம்மைகள். படித்த முட்டாள்களைப் போல வசதியான ஜனங்கள் வேறு யாரும் கிடையாது. அவர்களுக்கு யாரும் பொய் சொல்ல வேண்டியதில்லை, பாதி உண்மையைக் கையில் கொடுத்தால் மீதியை அவர்களே எழுதிக்கொள்வார்கள். இரண்டே வாரத்தில் எங்கள் பக்கத்தில் மக்கள் கருத்து உருவாகிவிட்டது. கடைக்காரர் சொன்னார், பால்காரர் சொன்னார், என் வீட்டிலேயே சொன்னார்கள், அந்த வீடுகளால்தான் வெள்ளம் என்று.

அந்த வாரமே கல்லூரியின் பி.ஆர்.ஓ. என்னைக் காபிக்குக் கூப்பிட்டான். பத்திரிகைக்காரர்களைக் குளிப்பாட்டி வைப்பதற்கென்றே சம்பளம் வாங்குகிறவன். வாசனை பூசிய சிரிப்பு. முழுப் பேச்சும் தன் காதுக்கு வந்துவிட்டது என்பதை அவன் சுற்றி வளைக்காமல் சொன்னான். டெஸ்க்கில் வெட்டியவர்கள் அனுப்பியிருக்க வேண்டும்.

"அந்தப் பின்பாதி வெளியில வந்திருந்தா அந்தம்மாவுக்கு வேலை இருந்திருக்குமா சார்? உண்மையில அவங்களைக் காப்பாத்துனது நாமதான்," என்றான்.

நாம என்று சொன்னான். நான் காபியைக் குடித்தேன். எழும்போது, பொண்ணு பிளஸ் டூ படிக்கிறாள் போலிருக்கிறதே, ரிசல்ட் வந்ததும் நேராகத் தன்னிடம் வரச் சொன்னான். சீட்டுக்கு அலைய வேண்டாம், கட்டணத்தையும் அறக்கட்டளை பார்த்துக்கொள்ளும் என்றான். பதிலுக்கு என்ன வேண்டும் என்று அவனும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. நாகரிகமானவர்கள் இப்படித்தான் பேசிக்கொள்வோம். வீட்டுக்கு வந்து அந்தப் பேச்சு பதிவான மெமரி கார்டைக் கேமராவிலிருந்து எடுத்து மேசை இழுப்பறையில் போட்டேன். வழக்கமாக அனுப்பி முடித்ததும் கார்டை அழித்துவிட்டு அடுத்த வேலைக்கு எடுத்துப் போவோம். இதை அழிக்கவும் மனம் வரவில்லை, வெளியே விடவும் மனம் வரவில்லை. அதை மனசாட்சி என்று நான் அப்போது நினைத்தேன். இப்போது யோசித்தால், விலை உயருமா என்று சரக்கைப் பதுக்குகிறவனின் புத்திதான் அது.

பிப்ரவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அந்த அம்மா, டிவிக்காரர் வீடு எது என்று விசாரித்துக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தார். கீழே காவலாளி அவரை நிறுத்தி, நோட்டில் பெயர் எழுதச் சொல்லி, வந்த காரணம் என்ற இடத்தில் வீட்டு வேலை என்று அவனே எழுதிக்கொண்டு மேலே அனுப்பினான். என் மகள்தான் கதவைத் திறந்தாள், உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுத்தாள். அவர் உட்காரவில்லை. கதவுப் பக்கத்திலேயே நின்றுகொண்டு விஷயத்தைச் சொன்னார்.

சந்தில் அவருடன் யாரும் பேசுவதில்லை. காசு வாங்கிக்கொண்டு சொந்த ஜனத்தைக் காட்டிக் கொடுத்துவிட்டார் என்று முடிவு கட்டிவிட்டார்கள். காலேஜில் வேலை பார்க்கிறவள்தானே என்பது அவர்களுக்குப் போதுமான சாட்சி. பக்கத்து வீட்டில் இருக்கிற தங்கை பொதுக் குழாயில் அவர் வைத்த குடத்தை நகர்த்திவிட்டுத் தன் குடத்தை வைக்கிறாள். வீடுகளை இடிக்க நோட்டீஸ் ஒட்டிவிட்டார்கள். சந்தே சேர்ந்து கோர்ட்டுக்குப் போகிறது, மனுவில் அவரை மட்டும் சேர்க்க மாட்டேன் என்கிறார்கள். பூந்தமல்லி வக்கீல் ஒருவர்தான் வழி சொன்னாராம், நீ சுவரைப் பற்றிச் சொன்னது நிஜமென்றால் அந்த முழுப் பேச்சைக் கொண்டு வா, ஜனங்களும் நம்புவார்கள், சுவரைப் பற்றி ஏற்கெனவே புகார் சொன்னோம் என்று கோர்ட்டிலும் காட்டலாம் என்று. அன்று சாயங்காலம் எல்லோரும் தங்கை வீட்டில் கூடுகிறார்கள்.

"நீங்கதான சார் புடிச்சீங்க. முழுசா உங்க கையில கீதுங்களா? ஒரு தபா அவுங்களுக்குக் காட்டினா போதும்," என்றார்.

அவர் நின்ற இடத்திலிருந்து மேசை நாலடி தூரம். உள்ளறையில் என் மகள் ஏதோ பாடத்தை உரக்கப் படித்துக்கொண்டிருந்தாள். அனுப்பியதும் அழித்துவிடுவோம் அம்மா, கார்டை அடுத்த வேலைக்கு எடுத்துவிடுவோம், இந்தத் தொழிலில் அப்படித்தான் என்று சொன்னேன். குரல் கூடத் தடுமாறவில்லை. சரியான விவரங்களோடு பொய் சொல்வதில் எனக்கு நல்ல பயிற்சி. அதோடு நிற்காமல், பின்பாதி வெளியே வராததும் ஒருவகையில் உங்களுக்கு நல்லதுதான், வேலை தங்கியிருக்கிறதே என்றும் சொன்னேன். பி.ஆர்.ஓ.வின் சொல்லை அப்படியே எடுத்து அவரிடம் வைத்தேன்.

"வேல போனா வேற வேல கெடைக்கும் சார். தங்கச்சி வேற கெடைப்பாளா?" என்று கேட்டார்.

பதிலுக்கு நிற்காமல் இறங்கிப் போனார். அன்று மாலை நான் வீட்டிலேயே இருந்தேன். ஆறு மணிக்கு ஒருமுறை இழுப்பறையைத் திறந்தேன், பிறகு மூடினேன். கூட்டம் நடக்கிற வீட்டுக்கு நடந்தால் பத்து நிமிடம். தொலைக்காட்சியில் கிரிக்கெட் இருந்தது, பார்த்தேன்.

மே மாதத்தில் இடித்தார்கள். கோர்ட்டில் மனு நிற்கவில்லை. சந்துக்காரர்கள் கொடுத்த மனுவுக்கு அரசுத் தரப்பில் பதில் சொன்னவர்கள், உள்ளூர் ஜனங்களே கேட்டுக்கொண்டார்கள் என்று அந்த அம்மாவின் படத்தையும் சேர்த்துக் காட்டினார்களாம். முழுப் பேச்சைக் காட்டியிருந்தால் தீர்ப்பு மாறியிருக்குமா என்று எனக்குத் தெரியாது. மாறியிருக்காது என்று பல நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன், அது தூக்கத்துக்கு உதவுகிற வாதம். இடிக்கிற அன்று நான்தான் படமெடுத்தேன். விஷுவல் மட்டும் போதும், யாரிடமும் பேட்டி வேண்டாம் என்று டெஸ்க் சொல்லியிருந்தது. இரண்டு இயந்திரங்கள் மதியத்துக்குள் வேலையை முடித்தன. அந்த அம்மா தன் பாத்திரங்களைத் தானே சுமந்தார், யாரும் கை கொடுக்கவில்லை. சுவர் அப்படியே நின்றது. தேர்தலில் சந்துக்குள் வந்து காலில் விழுந்து ஓட்டு வாங்கிய கவுன்சிலர் அந்தப் பக்கம் தலைகாட்டவில்லை. அடுத்த மாதம் கல்லூரியில் மரக்கன்று நட வந்தார், ஏரி காத்த செம்மல் என்று பேனர் வைத்திருந்தார்கள்.

மகளுக்கு அங்கேயே சீட் கிடைத்தது. மார்க்குக்குக் கிடைத்தது என்று அவள் நம்புகிறாள். நல்ல மார்க்தான், பொய்யில்லை. கட்டணம் பற்றிக் கேட்டபோது ஸ்காலர்ஷிப் என்று சொன்னேன். தோழிகளிடம் அதைப் பெருமையாகச் சொல்லிக்கொள்கிறாள்.

அந்த வருடமும் மழை பெய்தது, எங்கள் அடுக்குமாடிக்குள் தண்ணீர் வந்தது. வீடுகள் இல்லை, வெள்ளம் மட்டும் இருந்தது. வாட்ஸ்அப் குழு இரண்டு நாள் குழம்பியது. பிறகு பருவநிலை மாற்றம் என்று ஒரு கட்டுரையை யாரோ அனுப்பினார்கள், எல்லோரும் நிம்மதியாகக் கைகூப்பினார்கள். சுவர் என்ற சொல்லை ஒருவரும் எழுதவில்லை. செயலாளரின் மகனும் அந்தக் கல்லூரியில்தான் சேர்ந்திருந்தான்.

மழை ஓய்ந்ததும் டெஸ்க்கிலிருந்து போன். இடிபட்டவர்களுக்கு அரசு கொடுத்த மறுகுடியமர்வுக் குடியிருப்பில், புது வீடு கிடைத்த மகிழ்ச்சியில் நாலு பேர் வேண்டும் என்றார்கள். ஊருக்கு மறுகோடியில், என் எல்லையே அல்ல. அந்த ஜனங்களை உனக்குத்தானே பழக்கம் என்று என்னை அனுப்பினார்கள். போவதற்கு முந்தின நாள் கார்டிலிருந்து அந்தப் பேச்சைப் போனில் ஏற்றிக்கொண்டேன். என்ன நினைத்து ஏற்றினேன் என்று இப்போது கேட்டால் சொல்லத் தெரியவில்லை. பாவத்தைக் கொஞ்சம் கழுவிக்கொண்டு வரலாம் என்ற அற்பத்தனமாக இருக்கலாம்.

ஒரே மாதிரி அடுக்கு வீடுகள், ஒரே மாதிரி படிகள். மகிழ்ச்சியாக மூன்று பேரைச் சீக்கிரமே எடுத்துவிட்டேன். லிப்ட் இல்லாததைப் பற்றிப் பேசத் தொடங்கியவரைச் சிரிக்க மட்டும் சொன்னேன். அந்த அம்மா தண்ணீர் லாரிக்காகக் கீழே குடத்தோடு நின்றிருந்தார். தங்கை எதிர் பிளாக்கில் இருப்பதாகவும் பேச்சுவார்த்தை கிடையாது என்றும் சற்று முன்பே ஒருவர் சொல்லியிருந்தார். இன்னும் அதே கல்லூரிக்குத்தான் மூன்று பஸ் மாறி வேலைக்குப் போகிறாராம்.

போனை எடுத்து அவர் கையில் கொடுத்தேன். அவர் முழுவதையும் பார்த்தார். வெயிலுக்காகத் திரையைக் கையால் மறைத்துக்கொண்டு, தன்னுடைய பேச்சைக் கடைசி வார்த்தைவரை கேட்டார். எங்கே இருந்தது, எப்படிக் கிடைத்தது என்று கேட்கவில்லை.

"நல்லாத்தான் பேசிக்கீறேன்," என்றார்.

தங்கையைக் கூப்பிடலாமா, நானே காட்டுகிறேன் என்றேன். வேண்டாம் என்று தலையாட்டினார். வீடு போன பிறகு எதையோ ஜோடித்து எடுத்து வந்திருக்கிறாள் என்றுதான் சொல்வார்கள், அன்றைக்குக் காட்டியிருந்தால் அது வேறு என்றார். சண்டை போடுவது போலச் சொல்லவில்லை. சாயம் போன துணியைப் பற்றிச் சொல்வது போலச் சொன்னார். போனை என்னிடம் திருப்பிக் கொடுத்தார்.

"உங்க பொண்ண தெனம் பாக்கறேன் சார். நா தொடைக்கிற மாடியிலதான் அதுக்கு கிளாஸு. வழுக்கும், பாத்துப் போ கண்ணுன்னுவேன். அன்னிக்கு தண்ணி குடுத்த பொண்ணாச்சேன்னு மொத நாளே கண்டுக்கினேன். நீங்க ஏன் இல்லன்னு சொன்னீங்கன்னு அப்பவே வெளங்கிடிச்சி."

லாரி வந்து நின்றது. ஜனங்கள் குடங்களோடு ஓடினார்கள். அவர் நகரவில்லை.

"அதுகிட்ட நா ஒண்ணும் சொல்லல," என்றார். பிறகு, மிரட்டலே இல்லாமல், வீட்டுக்கு வந்தவரிடம் காபி போடட்டுமா என்று கேட்பது போல, "சொல்லட்டுமா?" என்று கேட்டார்.

வேண்டாம் என்றேன்.